செவுள் சிவந்திருந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். மீன் வாங்கும்போது என் தாயார் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு கண் தெளிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, சதையை விரலால் அழுத்தி, விழுந்த பள்ளம் உடனே எழும்புகிறதா என்று கவனிப்பார். மீன் கெட்டுப்போகவில்லை என்பதற்கு இவை நல்ல சோதனைகள். ஆனால், அந்த மீன் வளர்ந்த ஆற்றில் பாதரசம் கலந்திருந்ததா என்பதைச் செவுளும் சொல்லாது, கண்ணும் சொல்லாது.

ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில் அகானோ என்ற ஆறு ஓடுகிறது. அதன் கீழ்க்கரை ஊர்களில், ஆற்று மீனை அன்றாடம் உண்டு வாழ்ந்தவர்களுக்குக் கைகால் மரத்தது, நடை தள்ளாடியது, குழாய் வழியே பார்ப்பதைப்போலப் பார்வை குறுகியது. 1965இல் இது பாதரச நஞ்சு என்று அறிவிக்கப்பட்டது. அவர்கள் உண்டதும் துள்ளத் துடிக்கப் பிடித்த மீன்தான் என்பதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. நஞ்சு வந்த இடமோ, ஆற்றின் மேற்பகுதியில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கனோசே என்ற ஊரில் இருந்த ஆலை. 1964 நிலநடுக்கத்தில் துறைமுகக் கிடங்கிலிருந்து பூச்சிமருந்து ஆற்றில் கலந்ததே காரணம் என்று ஆலையை நடத்திய நிறுவனம் வாதாடியது. பாதிக்கப்பட்டவர்கள் 1967இல் வழக்குத் தொடுத்து, 1971இல் வென்றார்கள். என் மனத்தை இன்றும் வருத்துவது வேறொன்று: அதே ஜப்பானில், மினமாட்டாக் கடற்கரையில், இதே நோய் 1956இலேயே கண்டறியப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகள் கையில் இருந்தும் அகானோவைக் காக்க அவை பயன்படவில்லை.

ஆற்றில் கலக்கும் பாதரசம் சிறிதளவுதானே என்று கேட்கலாம். நீரிலுள்ள மெத்தில் பாதரசத்தை, அதாவது உயிர்களின் உடலில் எளிதில் சேரும் பாதரச வடிவத்தை, பாசியும் நுண்ணுயிரும் ஏற்கின்றன. அவற்றைச் சிறுமீன் தின்கிறது, சிறுமீனைப் பெருமீன் விழுங்குகிறது. ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கூடி, நீரில் இருந்ததைப்போலப் பல லட்சம் மடங்காகப் பெருமீனின் சதையில் சேர்ந்துவிடுகிறது. அது கொழுப்பில் தங்குவதில்லை. சதையின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. அதனால் மஞ்சளும் உப்பும் போட்டு எத்தனை முறை உரசிக் கழுவினாலும், புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும், மொறுமொறுவென்று வறுத்தாலும் அது நீங்காது. மீண்டும் சொல்கிறேன், சமையலால் பாதரசம் போகாது.

ஆலைக்கழிவோடு வரக்கூடிய வேறு நச்சு உலோகங்களான ஈயமும் காட்மியமும் சற்று வேறானவை. அவை சதையைவிடக் குடல், ஈரல், செவுள் ஆகியவற்றிலேயே மிகுதியாகச் சேர்வதால், அவற்றை முழுவதும் நீக்கிச் சமைப்பது ஓரளவு பயன் தரும். காட்மியம் நம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கி அதைப் பழுதாக்கக்கூடியது. ஈயம் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குலைப்பது. இவற்றை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள்.

ஆகவே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மீன் நல்ல உணவு, அதை விட்டுவிட வேண்டாம். மெத்தில் பாதரசம் நச்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையை எட்டும் என்பதால், கருவுற்ற பெண்களுக்கு முக்கியமாக, ஆலைக்கழிவு கலக்கும் ஆற்றில் பிடித்த மீனை, அதிலும் விராலைப்போலப் பிற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீனை, கொடுக்காதீர்கள். வணக்கம்.