சங்கத்துக் கணக்கு சுவரில் ஏறட்டும்

(கும்பகோணத்தில் வணிகவியல் ஆசிரியர்களும் வணிகர்களும் சுயஉதவிக் குழுவினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்த கல்லூரியின் முதல்வர் அம்மா அவர்களே, மாலை வியாபாரத்தைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்து என் பேச்சில் எங்கே கூட்டல் தப்பும் என்று காத்திருக்கும் தணிக்கையாளர் ஐயா அவர்களே, வங்கிக் கிளை மேலாளர் அவர்களே, பாபநாசத்திலிருந்தும் திருவிடைமருதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, வருகைப் பதிவுக்காக வந்து தப்பிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் பெயர் போட்டும் வர முடியாமல் போன பெரியவர்கள் இருவர் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் வணக்கம். வரவேற்புரை ஆற்றிய தம்பி என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். நான் ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியன், அவ்வளவுதான். சால்வை வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தேன், போர்த்திவிட்டார்கள். போர்த்தியது போகட்டும், ரசீது வாங்கினீர்களா என்று பொருளாளரைக் கேட்டேன். சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இன்று நாம் பாராட்டும் பேராசிரியர், லாப நோக்கமில்லாத அமைப்புகள் யாருக்குக் கணக்குச் சொல்கின்றன, சிறு தொழில்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்து ஆராய்கிறவர். ஆய்வை அவரே பின்னால் விளக்குவார். நான் குறுக்கே புகுந்து கெடுக்க மாட்டேன். ஆனால் இந்த இரண்டையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தாரே, அதற்காகவே அவரை மெச்ச வேண்டும். பெரிய கம்பெனியின் ஐந்தொகையை, அதாவது சொத்து, கடன் பட்டியலை, ஆராய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திருப்பணிக் குழுவின் நோட்டையும் குத்துவிளக்குப் பட்டறையின் சிட்டையையும் புரட்டிப் பார்க்க யார் வருகிறார்கள்?

அல்னூர் இப்ராஹிம் என்ற அறிஞர் 2003இல் எழுதிய கட்டுரையில், தொண்டு நிறுவனங்கள் பொறுப்புக் காட்டும் வழிகளை ஐந்தாக வகுத்தார்: அறிக்கை, செயல்மதிப்பீடு, மக்கள் பங்கேற்பு, சுயக்கட்டுப்பாடு, சமூகத் தணிக்கை. இந்த ஐந்தையும் காவிரிக் கரையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதாகத் திட்டம்.

முதலாவது அறிக்கை. பணம் கொடுத்தவருக்கும் அரசாங்கத்துக்கும் கணக்கு ஒழுங்காகப் போகிறது, பயன் பெறுகிறவருக்குப் போவதில்லை என்பதுதான் இப்ராஹிமின் குறை. அதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு போக வேண்டாம்; நாகப்பட்டினம் போதும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரைக்கு வராத அமைப்பு இல்லை. நல்ல மனதோடுதான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இழந்ததைவிட அதிகப் படகு வந்து சேர்ந்த குப்பங்களும் உண்டு. கருவாடு விற்ற பெண்களும் வயல் உப்பேறிப்போன கூலிக்காரர்களும் வரிசையின் கடைசியில் நின்றதும் உண்டு. கொடுத்தவர்களுக்கு வண்ணப் படத்தோடு அறிக்கை போயிற்று. கரையில் நின்றவரிடம், ‘உன் பெயரைச் சொல்லி இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவழித்தோம்’ என்று சொன்னவர் எத்தனை பேர்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. இந்த ஊரில் நாம் எதையும் ஆற்றில்தான் போடுவோம். ஆகவே நமக்காகவே சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். தானம் செய்துவிட்டேன், அதற்கு என்ன கணக்கு என்று கேட்பவருக்கு அதுதான் பதில்.

அளந்து போட்டவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் படித்தவர்களுக்குத் தெரியும். இராசராசனும் அவன் அக்காள் குந்தவையும் கொடுத்த நகைகளை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதுகூட அங்கே இருக்கிறது; ‘ஆடவல்லான்’ என்று அந்தக் கல்லுக்கே பெயர். முத்துகளை எண்ணி, எது எந்த வகை என்று பிரித்து, கோத்த நூலையும் உள்ளே வைத்த அரக்கையும் சேர்த்து எடை இவ்வளவு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவன் பேரரசன், அவனிடம் கேட்க யாருக்கும் துணிவு வந்திருக்காது. கேட்காமலே எழுதினான், அதுவும் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் கருங்கல்லில். காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இன்னும் கடுமை: ஊர் வாரியத்தில், அதாவது நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியில்லை, அவன் நெருங்கிய உறவினருக்கும் இல்லை. இந்த விதியை இன்றைக்கு நடைமுறைப்படுத்தினால் நம் சங்கங்களில் எத்தனை நாற்காலி காலியாகும் என்று நான் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் சிலர் நெளிகிறார்கள்.

இரண்டாவது செயல்மதிப்பீடு. அதற்குப் போகும் முன் ஒரு கதை.

பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய்விருந்து நடக்கும். தெரியாத மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, மொய்க்காகவே விருந்து. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புதிதாகவும் போடுவார்கள். அந்தப் பணத்தில் கடன் அடைப்பார்கள், ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், கடை வைப்பார்கள். பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டார் என்று போயிருந்தேன். பந்தலில் வரிசையாக மேசைகள். மேசைக்கொரு பாத்திரம், மேசைக்கொரு எழுத்தர், ஒலிபெருக்கி. கூட்டம் நெரிகிறது. அப்போது ஒரு மேசையில் வரிசை நின்றுவிட்டது.

வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர். எழுத்தர் அவர் பெயரைச் சொல்லி ‘ஐந்நூறு’ என்று மைக்கில் வாசித்துவிட்டார். பெரியவர் நகரவில்லை. ‘ஐந்நூற்றொன்று’ என்கிறார். எழுத்தர், ‘உறையில் ஐந்நூறுதான் இருந்தது, ஐயா’ என்கிறார். பெரியவர் மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஓரமெல்லாம் தேய்ந்த நோட்டு. அதில் இந்த வீட்டார் அவர் மகள் காதுகுத்துக்குச் செய்தது, அவர் தகப்பனார் காலத்தில் இந்த வீட்டுக்குச் செய்தது எல்லாம் இருக்கிறது. ‘நான் ஒற்றைப்படையில் செய்தவன், உன் நோட்டில் இரட்டைப்படையில் ஏற விடமாட்டேன்’ என்கிறார். பின்னால் நிற்பவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தன் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்து, ‘விடுங்கள் மாமா’ என்றார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘உன் ரூபாய் எப்படி என் மொய் ஆகும்?’ எனக்குப் புல்லரித்தது. நான் வகுப்பறையில் பல ஆண்டு சொல்லிக்கொடுத்தும் பையன்கள் தலையில் ஏறாத பாடம் அது. கடைசியில் கிழித்துப் போட்ட உறைகளைக் கிளறி, ஓர் உறையின் மூலையில் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ரூபாய் நாணயத்தைக் கண்டுபிடித்தார்கள். எழுத்தர் மைக்கில் திருத்தி வாசித்தார். பந்தலே கைதட்டியது.

இப்படியொருவரை விடக் கூடாது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சுவாக்கில் தெரிந்தது, அவர்தான் அந்த ஊர்த் திருவிழாக் குழுவுக்குப் பொருளாளர். நிதி லட்சக்கணக்கில் வருமாம். மகிழ்ந்துபோய், ‘அந்த நோட்டையும் பார்க்கலாமா?’ என்றேன். பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘அது ஊர்ப் பணம் சார். அதற்கெதற்கு நோட்டு? ஊருக்கே தெரியும்’ என்றார்.

சிரித்துவிட்டீர்கள். சரி. ஒரு ரூபாய்க்குப் பந்தலை நிறுத்திய மனிதர் திருடர் இல்லை. அவர் கைச்சுத்தத்துக்கு நான் உத்தரவாதம் தருவேன். மொய்யில் கணக்கு நிற்பதற்குக் காரணம், அதை ஊர் கேட்க மைக்கில் வாசிக்கிறார்கள், கேட்கிறவர் ஒவ்வொருவரும் நாளைக்குக் கொடுக்கவோ வாங்கவோ போகிறவர். திருவிழாக் கணக்கை யாரும் வாசிக்கவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஊரே சொல்கிறது. அளப்பதைப் பார்க்க ஆள் வேண்டாமா?

இனி சிறு தொழில். நிலைத்தன்மை என்றால் லாபம், மக்கள், பூமி என்று மூன்று கணக்கு வேண்டும் என்று 1994இல் ஜான் எல்கிங்டன் சொன்னார்; கம்பெனிகள் அதை அலங்காரமாக்கிவிட்டன என்று 2018இல் அவரே நொந்துகொண்டு திரும்பப் பெறலாம் என்று எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அந்தக் காலத்துக் கோயில்களில் நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு கொடுப்பார்கள். இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. ஆடு சாகும், மூப்படையும். எண்ணிக்கை குறையக் கூடாது. குட்டியைக் கொண்டு ஈடுகட்டிவிட்டு மிஞ்சினால்தான் இடையருக்கு. தேய்மானத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. நம் கடைக்காரர்கள் பலர் லாபம் என்று நினைத்து எடுத்துச் செலவழிப்பது, விளக்கு ஆட்டை அறுத்துக் கறி வைப்பதுதான்.

டெல்டாக் கடைக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் ஒரு கணக்கு. தள்ளிப்போனால் மளிகைக் கடையின் பற்று நோட்டும் தடித்துக்கொண்டே போகும். நெல் கொள்முதல் நிலையத்தில் பணம் போட்டால்தான் கடைக்காரருக்கு வரவு. அதுவரை அவர் தண்டல்காரரிடம் போகிறார். கையில் 9,000 வாங்கி, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டுகிறார். ஆயிரம்தானே வட்டி என்கிறார். தணிக்கையாளர் ஐயா, கவனியுங்கள்: நாளுக்கு நாள் திருப்பிக் கட்டுவதால் சராசரி நிலுவை 4,500தான், அதற்கு 100 நாளில் 1,000 என்றால் ஆண்டுக்கு 80 சதவீதத்துக்கு மேல். பெரிய கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கொடுத்தபோது காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம் வாங்கினார்கள். வங்கி மேலாளர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். விளக்கு செய்பவருக்குப் பணம் எப்போது கிடைக்கிறது என்று கேட்டோமா? 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023–24 நிதியாண்டிலிருந்து, அப்படி உரிய காலத்தில் தராமல் ஆண்டு முடிவிலும் நிலுவையில் நிற்கும் தொகையை, பொருள் வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கவும் முடியாது. உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்து பொருள் செய்யும், சேவை தரும் குறு, சிறு தொழில்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கும் கடைக்கு இல்லை. ஆனால் கேட்பதற்குக் கையில் பில் வேண்டும், தேதி வேண்டும். துண்டுத்தாளில் எழுதிய கணக்கோடு எந்த மன்றத்துக்குப் போவது?

அமைப்பாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார், பத்து நிமிடமாம். பங்கேற்பு, சுயக்கட்டுப்பாடு இரண்டும் இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். செயல்மதிப்பீட்டையும் மொய்விருந்து விழுங்கிவிட்டது. சமூகத் தணிக்கைக்கு வந்துவிடுகிறேன், நான் வந்ததே அதற்காகத்தான்.

ராஜஸ்தானில் 1994இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு ஊர் நடுவே மக்களைக் கூட்டி, அரசு வேலைகளின் பில்களை உரக்க வாசித்தது. கேட்டவர்கள், அந்தச் சுவர் கட்டவே இல்லை, அந்தக் கூலி வரவே இல்லை என்றார்கள். அந்த வாசிப்பிலிருந்து வளர்ந்த இயக்கம் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை கொண்டுவந்தது. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கிராம சபையின் சமூகத் தணிக்கை இடம்பெற்றது. அரசுப் பணத்துக்கு இந்தக் கேள்வி உண்டு. நாம் நன்கொடை போட்ட சங்கப் பணத்துக்கு?

தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கம் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். எல்லாம் சரி, அந்தத் தாள் அலமாரிக்குள் போகிறது. என் கோரிக்கை சிறியது. சங்கக் கட்டடத்தின் தெருப் பக்கச் சுவரில், வெள்ளையடித்து, கறுப்பு எழுத்தில் ஐந்து வரி எழுதுங்கள்: போன ஆண்டு இருப்பு, இந்த ஆண்டு வரவு, செலவு, கொடுக்க வேண்டிய கடன், கையிருப்பு. தமிழில் எழுதுங்கள். கட்சிக்கும் சினிமாவுக்கும் கொடுக்கிற சுவரில் கணக்குக்கு ஆறடி கொடுக்கக் கூடாதா?

ஊர்ச் சண்டை வரும் என்கிறார்கள். வரட்டும்; ரகசியமாக இருந்தபோது மட்டும் வரவில்லையா? நன்கொடையாளர் பெயரை வெளியிடத் தயங்குகிறார் என்கிறார்கள். பெயரை விடுங்கள், தொகையை விடாதீர்கள். தணிக்கை ஆகிவிட்டதே என்கிறார் நண்பர். தணிக்கையாளர் தாளைப் பார்க்கிறார். ஊர், வேலையைப் பார்க்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு; அளந்ததைக் கரையில் எழுதியும் போடு என்று நானாக ஒரு வாலைச் சேர்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 2 கிராம சபைக்குள் தொடங்க வேண்டும். வாசலில் மேசை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். சுவர் தர விரும்பும் சங்கங்களும் குழுக்களும் பெயர் எழுதலாம். எழுதத் தெரிந்த மாணவர்கள் வண்ணம் வாங்கிக் கொடுத்தால் வருகிறார்கள். வணிகர் சங்கத் தலைவர் தம் கட்டடத்தின் தெற்குச் சுவரைத் தருவதாகச் சற்று முன்பு காதில் சொன்னார். இப்போது மைக்கில் சொல்லிவிட்டேன். அடுத்துப் பேராசிரியர் பேசுகிறார். நன்றி, வணக்கம்.