கைக்கு ஏற்ற ஆட்டம்: பில் வால்ஷ்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் பில் வால்ஷைப் பற்றிப் பேசப் போகிறேன். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்கு மூன்று சூப்பர் பவுல் (லீகின் இறுதிப் போட்டி) வாங்கிக் கொடுத்தவர். ஆனால் எனக்குக் கோப்பைகளைவிட 1970இல் சின்சினாட்டியில் நடந்ததுதான் பெரிது.

வால்ஷ் அப்போது அந்த ஊர் பெங்கால்ஸ் அணியில் துணைப் பயிற்சியாளர். பந்தை நீண்ட தூரம் வீசக்கூடிய குவாட்டர்பேக் (பாஸ் எறிகிறவர்) கிரெக் குக்குக்குத் தோள் போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்தவர் வர்ஜில் கார்ட்டர். கெட்டிக்காரர், குறி தப்பாது, ஆனால் தூரமாக எறிய வலு போதாது. சரி, இருக்கிற கைக்கு ஏற்ற மாதிரி ஆட்டத்தையே வெட்டித் தைத்தார் வால்ஷ். மைதானத்தின் நீளம் 100 யார்டு என்றால் அகலமும் 53 யார்டு இருக்கிறதே! ஆட்களைக் குறுக்கே பரப்பிச் சின்னச் சின்ன பாஸ். எறிகிறவர் எத்தனை அடி பின்வாங்க வேண்டும், ஓடுகிறவர் எங்கே திரும்ப வேண்டும், எல்லாம் எண்ணி வைத்த கணக்கு. 1971இல் பாஸ் கைசேரும் விகிதத்தில் லீகிலேயே முதலிடம் அந்தக் கார்ட்டருக்குத்தான்.

1975 சீசனோடு தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுன் விலகினார். பதவி வால்ஷுக்கு வரவில்லை, இன்னொரு துணைப் பயிற்சியாளருக்குப் போனது. எட்டு சீசன் உழைத்தவர் வால்ஷ். இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அப்புறம் சான் டியேகோ அணி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணி. 1979இல் ஃபார்ட்டிநைனர்ஸ் அழைத்தபோது வயது 47. முதல் சீசனில் 16 ஆட்டங்களில் 2 வெற்றி. அடுத்த சீசனில் தொடர்ந்து 8 தோல்வி. எட்டாவதாக மயாமியில் தோற்றுத் திரும்பும்போது விமானத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

1982 ஜனவரி 10, கேண்டில்ஸ்டிக் பார்க். ஜெயித்தால் சூப்பர் பவுல். டல்லாஸ் 27, நம் ஃபார்ட்டிநைனர்ஸ் 21, மிச்சம் 58 வினாடி. நம் குவாட்டர்பேக் ஜோ மொன்டானா வலப்பக்கம் ஓடுகிறார், மூன்று பேர் துரத்துகிறார்கள். மைதானத்தின் ஓரக் கோடு நெருங்கிவிட்டது. பின்காலில் நின்று உயரமாக எறிகிறார். நம் டுவைட் கிளார்க் எம்பி, விரல் நுனியில் பிடிக்கிறார், ஆட்டம் நமக்கு! அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள், பயிற்சியில் ஓட்டிப் பழகிய ஆட்டம் அது.

இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுல். எதிரணி பெங்கால்ஸ். 26-21 என்று வென்றார். 1989 ஜனவரியில் ஃபார்ட்டிநைனர்ஸ் பயிற்சியாளராக அவருடைய கடைசி ஆட்டமும் அதே பெங்கால்ஸுடன் சூப்பர் பவுல்தான், 20-16. அன்றைக்கும் பெங்கால்ஸ் நிர்வாகத்தில் பால் பிரவுன் இருந்தார்.