மேக்ரோ மவுஸ், மாட், மேப் ஹேக்: எது உதவி, எது ஏமாத்து?

[திரையில்: பக்கவாட்டு பட்டன்கள் வச்ச மவுஸ், நெருக்கத்தில்]

வணக்கம் மக்களே. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேமிங் மவுஸ் கேட்டீங்கன்னா, கட்டைவிரல் பக்கம் ரெண்டு பட்டனாவது இருக்கறதைத்தான் எடுத்து வைப்பாங்க. அதுல ஒரு மேக்ரோ ஏத்திட்டா, ஒரே அமுக்குல நாலஞ்சு கட்டளை வரிசையா போகும். 2018-ல டோட்டா 2-ங்கற டீம் கேமோட பெரிய டோர்னமென்ட்டான ஒரு மேஜரோட தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றுல, இந்த மாதிரி ஒரு மவுஸால ஒரு அணியையே தகுதி நீக்கம் பண்ணாங்க. ஆடினது மீப்போ. தன்னோட நகல்களோட சேர்ந்து சண்டை போடுற ஹீரோ. ஒவ்வொரு நகலுக்கும் தனித்தனியா கட்டளை கொடுக்கணும், மீப்போ ஆடுறதுல கஷ்டமே அதுதான். அந்தக் கஷ்டத்தை மவுஸ் தூக்கிக்கிச்சு.

அப்போ உதவிக் கருவி எல்லாத்தையும் தடை பண்ணிடலாமா? வேண்டாங்கறதுதான் என் கட்சி. ஏன்னு பார்ப்போம்.

செஸ்ல இதுக்கு எப்பவோ விதி எழுதிட்டாங்க. போர்டு முன்னாடி உட்கார்ந்து ஆடும்போது குறிப்புக்கூட பார்க்கக் கூடாது. ஆனா ஐசிசிஎஃப் அமைப்பு நடத்துற, தூரத்துல இருந்து ஆடுற கரஸ்பாண்டன்ஸ் செஸ்ல, நகர்த்தலைக் கணக்குப் போடுற சாஃப்ட்வேரான என்ஜினை வச்சே ஆடலாம். எதுவா இருந்தாலும் விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். நம்ம கதைக்கு வருவோம்.

[திரையில்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, காலியான ஃபார்ம், சும்மா நிக்கிற வில்லேஜர்]

ஊர் கட்டி சண்டை போடுற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேம்ல ஒரு ஃபார்ம் போட 60 மரம் ஆகும். ஆரம்பத்துல அதுலேர்ந்து 175 உணவு கிடைக்கும், அப்புறம் காலி. 1999-ல வந்த முதல் பதிப்புல, காலியான ஃபார்மை நாமளே தேடிப் போய் திரும்பப் போடணும். அதுவரைக்கும் அங்க வேலை பாக்குற வில்லேஜர் சும்மா நிப்பான். 2000-ல கான்கரர்ஸ்ங்கற விரிவாக்கம் வந்தப்போ, மில்லுல ஃபார்மை முன்கூட்டியே க்யூ பண்ற வசதி வந்துச்சு. 2019-ல வந்த டெஃபினிட்டிவ் எடிஷன்ல ஒரு பட்டனை ஆன் பண்ணிட்டா, மரம் இருக்கற வரைக்கும் காலியான ஃபார்ம் தானாவே ரீசீட் ஆகும், அதாவது திரும்பப் போட்டுக்கும். இதே வேலையை 1999-ல யாராவது வெளி சாஃப்ட்வேர் வச்சு பண்ணியிருந்தா சீட்டர்னு சொல்லியிருப்போம். இன்னைக்கு ரேங்க்டுல, அதாவது தரவரிசைக்காக ஆடுற மேட்ச்லயே, யார் வேணும்னாலும் ஆன்ல வச்சு ஆடலாம். ஃபார்மைக் காவல் காத்த கண்ணு இப்போ சண்டையைப் பாக்குது. எனக்கு இது பிடிச்சிருக்கு, ஏன்னா அந்த பட்டன் எதிராளிகிட்டயும் இருக்கு.

மாட்னா கேம் திரையில தெரியற விதத்தை மாத்துற ஒரு சின்ன சேர்ப்பு. மரத்தைக் குட்டியா காட்டுற மாட், தரையில கட்டம் போடுற மாட் எல்லாம் இதே ரகம்தான். யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம், திரைக்கு ஏற்கனவே வந்ததைத்தான் தெளிவாக்குது.

[திரையில்: பாதி இருட்டா இருக்கற மேப்]

இப்போ வீடியோவோட முக்கியமான இடம். இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க. நீங்க ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடும்போது எதிரியோட ஊர் முழுக்க, ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு வில்லேஜரும், உங்க கம்ப்யூட்டரோட ராம்லயே, அதாவது மெமரியிலயே இருக்கு. ஆமா, உங்க ராம்ல!

1997-ல முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வந்தப்போ, 28.8 கிலோபிட் மோடம்ல 8 பேர் வரைக்கும் ஆட வைக்கணும். நூத்துக்கணக்கான வீரர்கள் எங்க நிக்கறாங்க, எவ்வளவு உயிர் பாக்கின்னு அனுப்ப அந்த லைன் தாங்காது. அதனால கட்டளையை மட்டும் அனுப்பினாங்க. "இந்த ஆளு அங்க போ", அவ்வளவுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் முழு ஆட்டத்தையும் தானே கணக்குப் போட்டு நடத்தும். சாதாரணமா ஒரு சுற்று 200 மில்லி நொடி. இப்போ கொடுத்த கட்டளை ரெண்டு சுற்று கழிச்சு எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே நேரத்துல நடக்கும். இதுக்குப் பேர் லாக்ஸ்டெப். ரெண்டு கம்ப்யூட்டரோட கணக்கு ஒரு இடத்துல பிசகினாலும் அவுட் ஆஃப் சிங்க், மேட்ச் முடிஞ்சுது.

தாம்பரத்துல ஒருத்தர், திருவொற்றியூர்ல ஒருத்தர், ஃபோன்ல நகர்த்தலை மட்டும் சொல்லி செஸ் ஆடுறதா வச்சுக்கோங்க. ரெண்டு வீட்டுலயும் முழு போர்டும் இருக்கும். எதிரியோட பாதி மேல மட்டும் ஒரு துண்டு போட்டு மூடியிருக்கு. நீங்க பாக்காத இடத்தை மேப்ல இருட்டா மறைக்கிற ஃபாக் ஆஃப் வார்தான் அந்தத் துண்டு. மேப் ஹேக்ங்கற ஏமாத்துக் கருவி அதைத் தூக்கிப் பாக்குது. கட்டளை எதுவும் மாறலை, கணக்கும் பிசகலை, அதனால எதிராளியோட கம்ப்யூட்டருக்கு எதுவுமே தெரியாது. இதைப் பிடிக்கறது கஷ்டமா இருக்கறதுக்கு இதுதான் காரணம்.

டோட்டா 2-ல ஆட்டம் சர்வர்ல நடக்குது. ஆனாலும் கிளையன்ட்டோட, அதாவது உங்க கம்ப்யூட்டர்ல ஓடுற கேமோட, உள்தரவைப் படிக்கிற கருவிகள் வந்துச்சு. டோட்டா 2-வை உருவாக்கின வால்வ் கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? சாதாரணமா ஆடும்போது யாருமே படிக்காத ஒரு தரவுப் பகுதியை கேமுக்குள்ள ஒளிச்சு வச்சு ஒரு பேட்ச் விட்டாங்க. அதைப் படிச்சவன் ஏமாத்துக் கருவி வச்சிருக்கான். 2023 பிப்ரவரியில 40,000-க்கு மேல அக்கவுண்ட் காலி. என்ன அருமையான பொறி!

[திரையில்: நோட்பேட், ஒரே அமுக்குல ஆறு எழுத்து]

காலேஜ் ஃபெஸ்ட்ல டோர்னமென்ட் நடத்துறவங்களுக்கு இது. பல மவுஸ்ல, மேக்ரோ மவுஸுக்குள்ள இருக்கற மெமரியிலயே தங்கும். உங்க கம்ப்யூட்டர்ல மவுஸ் சாஃப்ட்வேர் இல்லைன்னு நிம்மதியா இருக்காதீங்க. முடிஞ்சா மவுஸ் நீங்களே கொடுங்க. முடியலைன்னா நோட்பேடைத் திறந்து பக்கவாட்டு பட்டன் ஒவ்வொண்ணையும் அமுக்கச் சொல்லுங்க. ஒரு அமுக்குக்கு ஒரு எழுத்துக்கு மேல வந்தா மேக்ரோ. சில மவுஸ்ல ப்ரொஃபைல் மாத்துற பட்டன் இருக்கும், அதை மாத்தி மாத்தி எல்லா ப்ரொஃபைலையும் பாருங்க. கிளிக்கை மட்டும் அனுப்புற மேக்ரோ இதுல சிக்காது, அதனால ஆட்டத்தோட பதிவான ரீப்ளேயை வாங்கி வச்சுக்கோங்க. மனுஷன் கை வேகமா இருந்தாலும் கட்டளைக்கும் கட்டளைக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் கூடும், குறையும். தடவைக்குத் தடவை இடைவெளி அச்சு அசலா ஒண்ணா இருந்தா, கூப்பிட்டு விசாரிங்க. விதியை "ஒரு அமுக்கு, ஒரு கட்டளை"ன்னு ஒரே வரியில நோட்டீஸ்லயே போட்டுடுங்க.

டைமர்? டோட்டா 2-ல ரோஷான்ங்கற பெரிய அரக்கன் செத்தா 8-லேர்ந்து 11 நிமிஷத்துக்குள்ள திரும்ப வரும். நீங்களே அமுக்கி ஓட விடுற டைமரை நான் விட்டுடுவேன். கேமோட மெமரியைப் படிச்சுத் தானா ஓடுற டைமரை விட மாட்டேன், நாளைக்கு அதே வழியில வேற எதை வேணும்னாலும் படிக்கலாம்.

எனக்கு இன்னும் உறுத்துற ஒண்ணு, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன்ல இருக்கற ஆட்டோ ஸ்கவுட், அதாவது ஒற்றன் தானாவே மேப்பைச் சுத்திப் பாக்குற வசதி. ஃபார்ம் ரீசீட் வெறும் வேலை. ஸ்கவுட்டிங்ல எங்க போறதுங்கறதே ஒரு முடிவு. ரேங்க்டுல அதை எடுத்துடணும்னு நான் நினைக்கிறேன். புதுசா ஆட வர்றவங்களுக்கு அது வேணும்னு நினைக்கறவங்க, கமெண்ட்ல வந்து வாதம் பண்ணுங்க.