டார்க் ஸ்டார்: ஓர் இரவும் ஒரு வெயில் நாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு 1968-இல் 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டைச் சிறிய இசைத்தட்டாக வெளியிட்டது. மூன்று நிமிடம்கூட ஓடாது. அதே பாட்டை மேடையில் இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று விரித்து வாசித்தார்கள். ஒரு நாள் வாசித்தது மறுநாள் வராது. அப்படிப்பட்ட இரண்டு ஒலிப்பதிவுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலாவது, 1969 பிப்ரவரி 27, சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் பதிவானது. 'லைவ்/டெட்' ஆல்பத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 23 நிமிடம். மேடையில் இரண்டு டிரம்மர்கள், பில் க்ரொய்ட்ஸ்மானும் மிக்கி ஹார்ட்டும். ஆனாலும் தாளம் எங்கும் அதட்டாது. ஆர்கன் பின்னால் மெல்லப் படர, ஜெர்ரி கார்சியாவின் கிதார் அவசரமே இல்லாமல் நடக்கும். பாடத் தொடங்கவே ஆறு நிமிடம் போல ஆகிறது. (இந்த மிக்கி ஹார்ட்தான் பிறகு 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமோடு சேர்ந்து வாசித்தவர். அதற்கு கிராமி விருது கிடைத்தது.)

இரண்டாவது, 1972 ஆகஸ்ட் 27, ஆரெகன் மாநிலத்தின் வெனீட்டா. ஓர் உள்ளூர்ப் பால்பொருள் நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடந்த திறந்தவெளிக் கச்சேரி. கொளுத்தும் வெயில். இங்கே ஹார்ட் இல்லை, க்ரொய்ட்ஸ்மான் மட்டும். ஆர்கன் இருந்த இடத்தில் கீத் காட்ஷோவின் பியானோ. இந்த இரண்டு மாற்றங்களால் பாட்டின் நடையே மாறிவிடுகிறது. தாளம் ஒரே கையில் இருப்பதால் நினைத்த இடத்தில் சட்டென்று திரும்ப முடிகிறது. கார்சியா ஒரு சின்னச் சொல்லைப் போட்டால், அடுத்த நொடியே டிரம்மும் பியானோவும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பாடுவதற்கு முன்பே பத்து நிமிடத்துக்கு மேல் வாசித்துவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது வெனீட்டாதான். 1969-இல் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே கனவைக் காண்கிறார்கள். 1972-இல் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாம் ஒப்பிடுவது வாசிப்பையா, பதிவையா? ஒரு கச்சேரியில் பியானோ சோம்பிக் கிடக்கிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் கேட்டது மேடையின் மிக்ஸரிலிருந்து, அதாவது ஒலிகளைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவியிலிருந்து, நேரே எடுத்த டேப். அதில் குரல்தான் முன்னால் நிற்கும். சிறிய அரங்கில் ஆம்ப்ளிஃபயரே போதுமான சத்தம் தருவதால், கிதாரை மிக்ஸரில் குறைவாகத்தான் வைப்பார்கள். அப்புறம், கூட்டத்துக்கு நடுவே மைக் வைத்து ஒரு ரசிகர் பதிவு செய்த டேப் கிடைத்தது. கைதட்டலும் இரைச்சலும் நிறைய, ஆனால் பியானோ கணீரென்று இருந்தது. அந்தக் கலைஞருக்கு இத்தனை நாள் அநியாயம் செய்துவிட்டோமே என்று மனம் கஷ்டப்பட்டது.

ரசிகர்கள் பதிவு செய்வதை இந்தக் குழு தடுக்கவில்லை. 1984-இல் அரங்கில் அவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பெருந்தன்மையால்தான் ஒரே கச்சேரியை இரண்டு காதுகளால் கேட்க முடிகிறது.

சரி, எப்படிக் கேட்பது? கிதாரை விட்டுவிடுங்கள். ஃபில் லெஷின் பாஸை, அதாவது கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பாஸ் கிதாரை, பின்தொடருங்கள். அவர் தாளத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பவர் அல்ல. அடியில் இன்னொரு ராகத்தையே பாடிக்கொண்டு போகிறார். 1969 பதிவில் அது கார்சியாவுக்கு வழி காட்டுகிறது. வெனீட்டாவில் பல இடங்களில் அவரோடு வாதாடுகிறது.

வெனீட்டாவின் முடிவில் இசை உருக்குலைந்து, வெறும் ஓசையாகக் கொந்தளித்து அடங்குகிறது. அந்த இடத்திலிருந்து, குழுவின் இன்னொரு கிதார் கலைஞரான பாப் வியர் 'எல் பாசோ' என்ற பழைய கௌபாய் பாட்டை எடுக்கிறார். அந்தத் திருப்பத்தைத்தான் நிலைய நண்பர்கள் இப்போது ஒலிபரப்பப் போகிறார்கள். பாஸை விட்டுவிடாமல் கேளுங்கள்.