நாயகன் இல்லாத போர் எதற்கு? வார்கிராஃப்ட் 3 பற்றி ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

வார்கிராஃப்ட் 3 என்ற கணினி விளையாட்டுக்கு அதன் நாயகர்கள் பலமா, பலவீனமா என்பது இன்றைய கேள்வி. பலமே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது எழுந்த கைத்தட்டலைக் கேட்டேன். அவர் பேச்சில் சரக்கு இருந்தது, மறுக்கவில்லை. நாயகன் வந்தான், படை சிறுத்தது என்றார். நாயகன் வந்தான், அதிர்ஷ்டமும் கூடவே நுழைந்தது என்றார். முந்திக்கொண்டவனை அப்புறம் பிடிக்கவே முடியாது என்றார். கடைசியில், நிகழ்நேர உத்தி விளையாட்டு என்ற வகையையே இந்த நாயகன் தின்று தீர்த்துவிட்டான் என்று முடித்தார். இவற்றில் ஒன்றில் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த இடம் வரும்போது அதையும் ஒப்புக்கொள்வேன்.

இந்த விளையாட்டை ஆடாதவர்களும் அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. பிளிஸார்ட் நிறுவனம் 2002 ஜூலையில் இதை வெளியிட்டது. அடுத்த ஆண்டே 'ஃப்ரோஸன் த்ரோன்' என்ற விரிவாக்கம் வந்தது. மனிதர், ஆர்க், அன்டெட், நைட் எல்ஃப் என நான்கு இனங்கள். தங்கம் தோண்ட வேண்டும், மரம் வெட்ட வேண்டும், கட்டடம் எழுப்ப வேண்டும், படை திரட்டி எதிரியின் ஊரை அழிக்க வேண்டும். இதுவரை சொன்னது பல உத்தி விளையாட்டுகளிலும் உள்ளதுதான். வார்கிராஃப்ட் 3 சேர்த்த புதுமை நாயகன். ஒருவர் மூன்று நாயகர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் போரில் அனுபவம் பெற்று முதல் நிலையிலிருந்து பத்தாம் நிலை வரை வளர்கிறார்கள். ஆளுக்கு ஆறு பொருள்களைச் சுமக்கிறார்கள். ஆறாம் நிலையில் தங்கள் உச்ச சக்தியைப் பெறுகிறார்கள். வரைபடம் முழுவதும் யாருக்கும் சேராத கொடிய உயிரினங்கள் காவல் நிற்கும். அவற்றை ஆட்டக்காரர்கள் கிரீப் என்பார்கள். அவற்றை வீழ்த்தினால் அனுபவமும் தங்கமும் கிடைக்கும், பல இடங்களில் ஒரு பொருளும் கிடைக்கும்.

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். படை சிறியது என்கிறார். உண்மைதான். எவ்வளவு படை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உணவுக் கணக்கு உண்டு; அதன் வரம்பு 100. மூன்று நாயகர்களுக்கே 15 போய்விடும். மிச்சத்தில் பத்து, இருபது, மிஞ்சினால் முப்பது வீரர்கள். பிளிஸார்டின் இன்னோர் உத்தி விளையாட்டான ஸ்டார்கிராஃப்டில் வரம்பு 200. "இது போரா, தெருச் சண்டையா?" என்று கேட்டார் நண்பர்.

நடுவர் அவர்களே, அந்தச் சிறிய படைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மனிதர் படையின் காலாள் ஒருவன், விலை 135 தங்கம். அப்படி நான்கு காலாட்கள் எதிரி நாயகனைத் துரத்துகிறார்கள். 'தாக்கு' என்று ஆணையிட்டால் நால்வரும் அவன் முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஓடுவார்கள். முன்னால் ஓடுபவன் மட்டும் வெட்டுவான். தேர்ந்த ஆட்டக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். இருவரை நாயகனைத் தாண்டி முன்னே ஓடவிடுவார், மற்ற இருவரைப் பக்கவாட்டில் நிறுத்துவார். இந்த விளையாட்டில் ஓர் உடல் இன்னோர் உடலை ஊடுருவிப் போக முடியாது. நான்கு பக்கமும் அடைபட்டால் எவ்வளவு பெரிய நாயகனும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். மந்திரச் சுருளை விரித்து ஊருக்குத் தப்பினால் உண்டு. சுருள் கைவசம் இல்லை என்றால் கதை முடிந்தது. இரண்டு விநாடிக்குள் நான்கு காலாட்களின் கால்களை ஓர் ஆட்டக்காரர் எப்படி நகர்த்தினார் என்பதில் அந்த ஆட்டமே திரும்பிவிடும். இருநூறு பேர் மோதும் போரில் ஒரு காலாளின் காலடியை யார் கவனிப்பார்? படை சிறுத்ததால்தான் ஒவ்வொரு வீரனும் கண்ணுக்குத் தெரிகிறான். சாகக் கிடப்பவனைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றுவது இங்கே ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அவனைக் காப்பாற்றினால் எதிரி நாயகனுக்குப் போகவிருந்த அனுபவமும் போகாது. நாயகன் இருப்பதால் சாதாரணக் காலாளின் உயிருக்கும் விலை கூடுகிறது. இதைத்தான் எதிரணி பலவீனம் என்கிறது!

படைச் செலவு என்ற விதியைப் பற்றி எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கோபமாகப் பேசினார். வளர்ந்தவனுக்குத் தண்டனையா என்று கேட்டார். விதி இதுதான். உணவுக் கணக்கு 50 வரை இருந்தால் தொழிலாளி கொண்டுவரும் 10 தங்கமும் கஜானாவுக்குப் போகும். 50-ஐத் தாண்டினால் 7 மட்டுமே சேரும். 80-ஐத் தாண்டினால் 4. அதே தொழிலாளி, அதே சுரங்கம், அதே உழைப்பு. பத்து எடுத்துவந்து நான்கு கொடுக்கிறான். பார்க்கவே வயிறு எரியும்தான். ஆனால் இந்த விதி இல்லை என்றால் என்ன ஆகும்? இருவரும் அவரவர் ஊரில் மதில் கட்டி உட்கார்ந்துகொண்டு, வரம்பு நிரம்பும் வரை படை சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு முறை மோதி முடிப்பார்கள். அப்படி முடியும் ஆட்டங்களை மற்ற உத்தி விளையாட்டுகளில் எத்தனை பார்த்திருக்கிறோம்! இங்கே படைச் செலவு பின்னாலிருந்து தள்ளுகிறது; நாயகன் முன்னாலிருந்து இழுக்கிறான். உட்கார்ந்திருந்தால் அவன் வளர மாட்டான். அதனால் முதல் நிமிடங்களிலேயே இருவரும் வெளியே வந்தாக வேண்டும்.

வெளியே வந்தால் நடப்பதைச் சொல்கிறேன். மனிதர் தரப்பு சீக்கிரமே இரண்டாவது தங்கச் சுரங்கத்தைப் பிடிக்கத் துணிகிறது. ஆர்ச்மேஜ் என்ற மந்திரவாதி ஒரு நீர்ப்பூதத்தை வரவழைக்கிறான். ஊர் மணி அடிக்கிறது; மண்வெட்டி பிடித்த தொழிலாளிகள் ஆயுதம் ஏந்தி ஓடுகிறார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இருப்பது 45 விநாடிதான், அதற்குள் சுரங்கக் காவலை முடித்தாக வேண்டும். முடிந்துவிடும் என்ற நிலையில், கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் நின்ற ஆர்க் இனத்து பிளேட்மாஸ்டர் திடீரென்று தோன்றிக் கடைசி அடியை அடிக்கிறான். அனுபவம் அவனுக்கு, விழுந்த பொருளும் அவன் பையில். இத்தனை பேர் உழைத்த பலனை ஒருவன் தட்டிப் பறித்துக்கொண்டு போகிறான். அடுத்த முறை ஆர்ச்மேஜ் என்ன செய்வான்? கடைசி உயிரினத்தைக் கொஞ்சம் உயிரோடு நிறுத்தி வைத்து, சுற்றிலும் ஆள் நிறுத்தி, பார்த்துப் பார்த்து அடிப்பான். ஆட்டம் ஆரம்பித்துச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. அதற்குள் இத்தனை சூழ்ச்சி, இத்தனை எதிர்ச்சூழ்ச்சி! நாயகனை எடுத்துவிட்டால் அந்த நிமிடங்களில் மிஞ்சுவது மரம் வெட்டும் ஓசை மட்டுமே.

முந்தியவனைப் பிடிக்க முடியாது என்ற வாதத்துக்கு விரிவான மறுப்பே தேவையில்லை. ஐந்தாம் நிலைக்கு வந்த நாயகனுக்குக் கிரீப்களிடமிருந்து அனுபவம் கிடைப்பது நின்றுவிடும். அதற்கு மேல் வளர வேண்டுமானால் எதிரியோடு மோதித்தான் ஆக வேண்டும். உயர்ந்த நாயகன் செத்தால் எதிரிக்குக் கிடைக்கும் அனுபவமும் அதிகம். அவனை மீண்டும் எழுப்ப ஆகும் தங்கமும் அதிகம். அதே சமயம், செத்தவன் தன் நிலையையும் பொருள்களையும் இழப்பதில்லை. பீடத்தில் தங்கம் கொடுத்தால் திரும்ப வருகிறான். முந்தியவனின் தோளில் சுமை ஏற்றி, பின்தங்கியவனுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பார்த்துச் செய்த விதிகள் இவை.

அதிர்ஷ்டம் என்று சொன்னீர்களே, அங்கேதான் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வரைபடத்தின் இரு பக்கங்களிலும் ஒரே மாதிரிக் காவல். இருவரும் ஒரே மாதிரி அடித்து முடிக்கிறார்கள். விழும் பொருள் எந்தத் தரத்தில் இருக்கும் என்பது முன்பே முடிவானது, ஆனால் எந்தப் பொருள் என்பது குலுக்கல். ஒருவருக்கு அவர் நாயகனுக்கென்றே செய்தது போன்ற பொருள் விழுகிறது. இன்னொருவருக்கு விற்றுக் காசாக்கத்தான் உதவும் ஒன்று. சமபலம் கொண்ட இருவர் மோதும் போட்டியில் இது வலிக்கும். இது குறைதான். ஆனால் நடுவர் அவர்களே, இது குலுக்கலின் குறை. நாயகனின் குறை அல்ல. இரு பக்கமும் ஒரே பொருளை விழ வைத்தால் தீர்ந்துவிடும் கோளாறுக்காக நாயகனையே நாடு கடத்தச் சொல்கிறார்கள்.

அதிர்ஷ்டமே ஆட்டத்தை முடிவு செய்கிறது என்றால், அதே பெயர்கள் மீண்டும் மீண்டும் மேடை ஏறியது எப்படி? உலக சைபர் விளையாட்டுப் போட்டியில் 2005-இல் சிங்கப்பூரிலும் 2006-இல் இத்தாலியின் மோன்சாவிலும் அடுத்தடுத்து வென்றவர் சீனாவின் லி சியாவோஃபெங். 'ஸ்கை' என்றால்தான் பலருக்குத் தெரியும். 2004-இலும் 2008-இலும் அதே பட்டத்தை வென்றவர் நெதர்லாந்தின் 'கிரப்பி'. கொரியாவின் ஜாங் ஜே-ஹோவுக்கு 'மூன்' என்று பெயர். யாரும் நினைக்காத நாயகர்களையும் படைகளையும் சேர்த்து ஆடியதால் அவரை 'ஐந்தாவது இனம்' என்றே ரசிகர்கள் கொண்டாடினார்கள். நான்கு இனங்கள் இருக்கும் விளையாட்டில் ஒரு மனிதர் தனியாக ஓர் இனம் என்று பெயர் வாங்குகிறார். குலுக்கலில் அந்தப் பெயர் கிடைக்காது.

பழைய வார்கிராஃப்ட் 2-ஐ எதிரணித் தலைவர் பாசத்தோடு நினைவுகூர்ந்தார். 1995-இல் வந்த அந்த விளையாட்டின் கடற்போர் எனக்கும் பிடிக்கும். எண்ணெய்க் கிணறு, போர்க்கப்பல் எல்லாம் மூன்றாம் பாகத்தில் போய்விட்டன, எனக்கும் வருத்தம்தான். ஆனால் அங்கே மனிதரும் ஆர்க்கும் ஏறக்குறைய ஒருவருக்கொருவர் கண்ணாடிப் பிம்பம். பெரிய வேறுபாடு மந்திரங்களில் மட்டும். மூன்றாம் பாகத்தில் நான்கு இனங்களும் நான்கு விதமாக வாழ்கின்றன. இரவு வந்தால் நைட் எல்ஃப் பெண்கள் நின்ற இடத்திலேயே மறைந்துவிடுவார்கள். அவர்களின் நிலாக் கிணறுகள் ஊறுவதும் இரவில்தான்.

கதையைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். ஆர்தாஸ் என்ற இளவரசன். ஸ்ட்ராத்தோம் நகரத்து மக்கள் நஞ்சேறிய தானியத்தை உண்டுவிட்டார்கள். செத்துப் பிணங்களாக எழப் போகிறார்கள். எழும் முன் எல்லாரையும் கொல்வேன் என்கிறான். அவன் குருவான ஊதர் மறுத்து விலகுகிறார். அவன் காதலித்த ஜைனாவும் விலகிப் போகிறாள். அடுத்து என்ன தெரியுமா? மால்கானிஸ் என்ற அரக்கன் 100 பேரைப் பிணமாக்கும் முன் நாம் 100 பேரை முடிக்க வேண்டும். திரையில் இரண்டு கணக்குகளும் ஏறிக்கொண்டே போகின்றன. அந்தக் கட்டளையைக் கொடுப்பது நம் கை. வீடுகளை இடிப்பது நம் மவுஸ். சில கட்டங்கள் கழித்து அவன் தன் தகப்பனையே வெட்டும்போது, அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் நமக்கும் பங்கு இருக்கிறது. பெயரில்லாத இருநூறு வீரர்களை வைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியுமா? நாம் வளர்த்த ஒருவன், நாம் நிலை உயர்த்திய ஒருவன் கெட்டுப்போவதால்தான் நெஞ்சு கனக்கிறது.

2020 ஜனவரியில் வந்த 'ரீஃபோர்ஜ்ட்' மறுபதிப்பை இங்கே ஆதாரமாகக் காட்டினார்கள். அது ஏமாற்றம்தான், நானும் சொல்கிறேன். 2018-இல் மேடையில் காட்டி வாக்குக் கொடுத்தபடி கதைக் காட்சிகள் புதிதாக வரவில்லை. தரவரிசைப் போட்டியும் குழுக்களும் இல்லாமல் வெளிவந்தது. பழைய பிரதி வைத்திருந்தவர்களின் ஆட்டமும் கெட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதில் நாயகன் செய்த பிழை எது? ஒன்றுகூட இல்லை. கம்பெனியின் பிழையை அவன் தலையில் கட்டாதீர்கள்.

கடைசிக் குற்றச்சாட்டு, வகையையே தின்றுவிட்டான் என்பது. விளையாட்டோடு சேர்த்து, ரசிகர்களே புது வரைபடங்களும் ஆட்டங்களும் செய்துகொள்ள ஒரு வரைபட எடிட்டரையும் கொடுத்தார்கள். அதில் யூல் என்ற ரசிகர் ஒரு வரைபடம் செய்தார். குயின்சூ, ஐஸ்ஃபிராக் என்று அடுத்தடுத்த கைகளில் அது வளர்ந்தது. அதுதான் டோட்டா, படை திரட்டாமல் ஆளுக்கு ஒரு நாயகனை வைத்து அணியாக மோதும் ஆட்டம். ஸ்டார்கிராஃப்டிலேயே அதற்கு ஒரு முன்னோடி வரைபடம் இருந்தது, உண்மை. ஆனால் அனுபவம், நிலை, பொருள் பை எல்லாம் தயாராக இருந்த இடம் வார்கிராஃப்ட் 3. அங்கிருந்து அதே வகையில் 2009-இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ், 2013-இல் டோட்டா 2. 2021-இல் டோட்டா 2-இன் உலகப் போட்டிக்குப் பரிசுத் தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான் என்பதற்காகத் தாயைக் குற்றம் சொல்வார்களா? இப்படிப்பட்ட நாயகர் முறை இல்லாமலேயே பெயர் வாங்கிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற உத்தி விளையாட்டை இன்றைக்கும் ஆடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அதை இவன் தின்றுவிடவில்லையே! வார்கிராஃப்ட் 3-ஐயும் யாரும் கைவிடவில்லை. ரசிகர்களே கட்டிய டபிள்யூ3சாம்பியன்ஸ் தளத்தில் ஒருவருக்கு ஒருவர் என்ற அதே பழைய ஆட்டத்தை அதே நாயகர்களோடு ஆடுகிறார்கள்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் சகோதரியிடம் ஒரே ஒரு கேள்வி, நடுவர் அவர்களே. அந்த எடிட்டர் எல்லார் கையிலும் இருந்தது. நாயகனை நீக்கிவிட்டு, படைச் செலவை நீக்கிவிட்டு, உணவு வரம்பை உயர்த்தி, நீங்கள் கேட்கும் வார்கிராஃப்ட் 3-ஐ யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கோபுரம் கட்டித் தடுக்கும் ஆட்டங்கள் முதல் டோட்டா வரை என்னென்னவோ செய்தார்கள். அவை பரவின, வாழ்ந்தன. நீங்கள் கேட்கும் அந்த நாயகன் இல்லாத போர் மட்டும் ஏன் நிலைக்கவில்லை? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.