பழைய கணினியைத் தூக்கிப்போடும் முன்

வணக்கம் நேயர்களே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "புது கம்ப்யூட்டர் வாங்கியே ஆகணுமா?" பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியதில்லை என்றே சொல்வேன்.

விண்டோஸ் 10 உரிமம் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11-க்குக் காசு கொடுக்காமலே மாறலாம். ஆனால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். 2017-க்கு முன் வாங்கியவை ஏறக்குறைய எல்லாமே இதில் அடிபட்டுப் போகும். இன்டெலின் நாலாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம் உள்ள கணினி, கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் பிள்ளைகள் படிக்கவும் இன்றைக்கும் தாராளம். அதை ஓரங்கட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கணினியை இயக்கும் விண்டோஸ் என்ற இயங்குதளம் இலவசம்தான், புது கணினியின் விலை யார் தலையில் விழுகிறது?

ஆப்பிளிலும் இதே கதை. 2013 முதல் மேக் இயங்குதளத்தின் புதிய பதிப்புகளுக்குக் கட்டணமில்லை. ஆனால் அது ஆப்பிள் கணினிக்கு மட்டும். 2025-இல் வந்த டாஹோ பதிப்போடு இன்டெல் மேக்குகளுக்குப் புதிய பதிப்புகள் முடிகின்றன.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னொரு இயங்குதளம் லினக்ஸ். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. 2 ஜிபி ரேம் இருந்தால் ஓடும். 4 ஜிபி இருந்தால் வசதி. 2024-இல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய கணினிக்கு ரொம்ப இலேசு.

சரி, வேகம்? விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவீதம் என்று அசையாமல் நின்றால், முதலில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். சுழலும் தட்டில் முனையை நகர்த்தி நகர்த்தித் தேடுகிற ஹார்ட் டிஸ்க், நொடிக்கு நூறு இடங்களைப் படித்தாலே பெரிது. சுழலும் தட்டே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி, சாதாரணமானதே பல்லாயிரம் இடங்களைப் படிக்கும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸும் பறக்கும், லினக்ஸும் பறக்கும். எஸ்எஸ்டியில் லினக்ஸையும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸையும் போட்டு ஒப்பிடுவது நியாயமே இல்லை. இன்னொன்று, பிரவுசரில் இருபது டேப் திறந்தால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் ரேம் தீர்ந்துவிடும்.

லினக்ஸ் எல்லாருக்கும் ஒத்துவராது, அதையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு எழுதும் கடை, பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை இரண்டுக்கும் விண்டோஸ்தான் சரி. அங்கே மிச்சமாகும் உரிமக் காசைவிட, வேலை நின்றால் போகும் காசு அதிகம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, 2013-இல் அந்தப் பணியை முடித்தது. 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. அரசியலும் அதில் உண்டு. மற்ற அலுவலகங்களின் கோப்புகளும் மென்பொருள்களும் ஒத்துப்போகவில்லை என்ற புகாரும் உண்டு. கேரளத்து அரசுப் பள்ளிகளிலோ லினக்ஸ் பல ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. அங்கே பிள்ளைகள் படிக்கத் தொடங்குவதே அதில்தான். பழைய பழக்கத்தை மாற்றும் செலவு அவர்களுக்கு இல்லை.

அதனால் முதலில் ஒரு தாள் எடுத்து, நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருள்களை எழுதுங்கள். எல்லாம் பிரவுசரிலேயே முடிகிறது என்றால், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாமலே ஓடும். வேகம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கும். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு வருகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், புகைப்படங்களையும் கோப்புகளையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, அப்புறம் இன்ஸ்டால் செய்யுங்கள்.