கடவுச்சொல்லின் நீளமும் ரவுட்டரின் மறந்துபோன பூட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கும்போது பழகிய பெயரொன்றை எடுத்துக்கொண்டு, அதன் முதலெழுத்தைப் பெரிதாக்கி, நடுவே ஒரு குறியைச் செருகி, கடைசியில் பிறந்த ஆண்டைச் சேர்த்து, வலுவான கடவுச்சொல் அமைந்துவிட்டது என்று பலர் நிறைவடைகிறார்கள். கடவுச்சொற்களை உடைப்பதற்கென எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு இந்த மாற்றங்கள் அனைத்தும் முன்கூட்டியே தெரியும். 2009-ஆம் ஆண்டில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் திருடப்பட்டு வெளியானபோது, அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பதுதான். அன்று வெளியான அந்தப் பட்டியலே இன்றளவும் திருடர்களுக்கு அகராதியாகப் பயன்படுகிறது.

ஆகவே மனம் தேர்ந்தெடுக்கும் சொல்லை நம்பாதீர்கள். தேர்வைப் பகடையிடம் விடுங்கள். ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விதமான முடிவுகள் கிடைக்கும். அத்தனை சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து முறை உருட்டி, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற ஆறு சொற்களைக் கோத்துக்கொண்டால், பட்டியலே திருடனின் கையில் இருந்தாலும் அவன் ஊகித்து முடிப்பது நடவாத காரியம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமும் 2017-இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. குறிகளைக் கட்டாயப்படுத்துவதையும், குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதையும் கைவிட்டு, நீளத்தையே முதன்மைப்படுத்தியது.

நீளமான ஒன்றையே எல்லாக் கணக்குகளுக்கும் வைப்பதும் ஆபத்துதான். ஓரிடத்தில் கசிந்ததை மற்ற இடங்களிலெல்லாம் போட்டுப் பார்ப்பது திருடர்களின் அன்றாட வேலை. குறிப்பாக மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல் கட்டாயம் வேண்டும்; மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து சேர்கிறது. எல்லாவற்றையும் நினைவில் வைக்க இயலாதவர்கள் கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்தலாம். அதுவும் வேண்டாமென்றால், தாளில் எழுதி வீட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன். தொலைதூரத்துத் திருடனால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது.

வீட்டு ரவுட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அதற்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. வைஃபையில் இணைவதற்கான முதலாவதை எல்லோரும் அறிவார்கள். உங்கள் கைப்பேசி இணையும் கணத்தில் காற்றில் பரிமாறப்படும் தகவலை அருகிலிருந்து பதிவு செய்துகொண்டவர், பிறகு தம் இடத்தில் அமர்ந்தபடி கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதிக்க முடியும். வைஃபை இணைப்பைப் பாதுகாக்கும் டபிள்யூபிஏ2 முறை 8 முதல் 63 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது, எட்டோடு நின்றுவிடாதீர்கள். ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் இரண்டாவது கடவுச்சொல்லோ, பல வீடுகளில் தொழிற்சாலையில் வைத்தபடியே கிடக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் ஏறத்தாழ அறுபது ஆலைக் கடவுச்சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு, கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது.

இன்றே உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டாவது கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். எண்ணை மட்டும் கொண்டு இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றியதும் வீட்டிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அதைச் செய்வது நல்லது.

நன்றி, வணக்கம்.